சோலைவரியும் தெருவிளக்கும்

ஆண்டு முடியுந் தறுவாயில் நம் நாட்டு உள்ளூராட்சிச் சபைகளிலே ஒரு சடங்கு நிகழ்வதுண்டு. வருகின்ற ஆண்டுக்குரிய வரவு செலவுத் திட்டத்தைத் தவிசாளர் சபைமுன் வைப்பார். உறுப்பினர் பேசுவர்; சிலர் புகழ்வர், சிலர் இகழ்வர். பெரும்பாலான சபைகளில் வரவுப் பக்கம் மெலிந்தும் செலவுப் பக்கம் பருத்தும் இருக்கும். இரண்டையும் ஒப்பச் செய்தல் வேண்டுமாயின் எதனையேனும் வெட்டியாக வேண்டும். எதனை முதலில் வெட்டுவது என்னும் வினாவே இக்கட்டுரைக்குப் பொருளாகும்.

வள்ளுவர் இதனை எண்ணிப் பாராதவர் அல்லர். வரவின் வழி சிறிதாயினும் கேடில்லை, செலவின் வழி அதனினும் அகன்றுவிடாதிருப்பின் என்று வலியறிதல் அதிகாரத்திலே கூறியமைந்தார். இறைமாட்சி அதிகாரத்தில் அரசன் தொழிலை நான்காக வகுத்தார்: பொருள் வருதற்குரிய வழிகளை உண்டாக்கல், வந்ததைத் தொகுத்தல், தொகுத்ததைக் காத்தல், காத்ததை வகுத்துச் செலவிடல். முன்னவை மூன்றும் செய்து நான்காவதிலே தவறியோர் பலர். பணம் உள்ளபோது வகுத்தல் எளிது. பணம் இல்லாதபோது வகுத்தலிலேதான் ஒரு சபையின் அறிவு வெளிப்படும்.

இக்காலத்திலே 'பொதுமக்கள் பாதுகாப்பு' என்றவுடன் யாவருக்கும் பொலிஸ் நிலையம் நினைவுக்கு வருகின்றது. நம் நகரசபைகளுக்கோ பொலிஸ்மீது ஓர் அதிகாரமும் இல்லை. பொலிசாருக்குச் சம்பளம் கொடுக்கும் கடமையும் இல்லை. அஃது கொழும்பு அரசாங்கத்தின் கையில் உள்ளது. 1987ஆம் ஆண்டு நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் பொலிஸ் அதிகாரத்தின் ஒரு பகுதியை மாகாணங்களுக்கு எழுதி வைத்தது. எழுத்திலுள்ள அவ்வதிகாரம் மாகாணங்களின் கைக்கு வந்து சேரவில்லை. ஆதலின், பொலிசுக்குச் செலவு மிகுதியா குறைவா என்று பிற நாட்டு நகரங்களிலே நிகழும் வழக்காடல் நமக்கு அப்படியே பொருந்தாது.

ஆயினும் அவ்வழக்கின் பழைய வரலாறு ஒன்றை நாம் அறிந்து வைத்தல் நன்று. சென்னை மாகாணத்தில் 1865ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படி பொலிஸ் செலவிற் பெரும்பகுதி நகரசபைகளின் தலையிலே சுமத்தப்பட்டது. வரியிறுப்போர் கொடுத்த பணம் காவலருக்கே போய்விடின் தெருவுக்கும் வாய்க்காலுக்கும் எஞ்சுவது யாது? 1882ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு உள்ளூராட்சி பற்றி வெளியிட்ட தீர்மானத்தின் நோக்கங்களுள் நகரசபைகளை அச்சுமையினின்று விடுவித்து, அப்பணத்தைக் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் தெருக்களுக்கும் திருப்புவதும் ஒன்று. சென்னைக்குச் சென்றோர் 1913ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையைக் கண்டிருப்பர். அம்மாளிகையின் வெண்மையை வியந்தோர் பலர். அப்பெயர் தாங்கியவர் நகரசபைக் கணக்கேட்டில் எந்த வரியை அடித்தார் என்பதை நினைந்தோர் சிலரே.

பொலிஸ் நம் பொறுப்பன்று எனின், ஒரு சிறு பட்டினத்துச் சபைக்குப் பாதுகாப்பின் பொருட்டு ஆகும் செலவு யாது? இருட்டிலே எரியவேண்டிய தெருவிளக்கு. மூடியிருக்க வேண்டிய வெள்ள வாய்க்கால். வீதியிலே படுக்கும் கட்டாக்காலி மாடு, கூட்டமாய்த் திரியும் நாய். நுளம்பு பெருகும் தேங்கு நீர். சந்தைக் கட்டடத்திலே தீப்பற்றினால் ஓடிவரவேண்டிய நீர்வண்டி. இவற்றுள் ஒன்றேனும் பேரணியிற் கோஷமிடுதற்குரிய பொருள் அன்று. ஆனால் நம் ஊரிலே ஒரு கிழவியின் இடுப்பெலும்பு முறிவதும் முறியாமல் இருப்பதும், ஒரு குழந்தைக்கு டெங்குக் காய்ச்சல் வருவதும் வாராதிருப்பதும் இவற்றையே பொறுத்தன.

'கா' என்னும் ஓரெழுத்தொருமொழிக்குக் காத்தல் என்றும் பொருள் உண்டு; சோலை என்றும் பொருள் உண்டு. நம் ஊரவர் ஆதன வரியைச் 'சோலைவரி' என்று வழங்குகின்றனர். இப்பெயர் எவ்வாறு வந்தது என்று ஆராய்தல் ஈண்டு என் நோக்கமன்று. ஆயினும் சோலைவரி என்று கேட்குந்தோறும் அது காவல்வரியே என்று என்னுள் எண்ணிக்கொள்வேன். நிழலும் காப்பும் தருவதற்காகவே அவ்வரி நம்மிடமிருந்து பெறப்படுகின்றது.

இத்தகைய காவற்செலவு ஏன் முதலில் வெட்டுப்படுகின்றது? அதன் பயன் கண்ணுக்குத் தெரியாது என்பதே காரணம். பருத்தித்துறையின் வெளிச்சவீடு 1916ஆம் ஆண்டில் எழுந்தது. அதன் ஒளியினாலே தப்பிய தோணிகள் எத்தனை என்று எந்தக் கணக்கனாலும் எழுத முடியாது. கரையிலே மோதி உடைந்த தோணியைத்தான் எண்ணலாம். மோதாமற் போன தோணி தன் வழியே போய்விட்டது. அவ்வாறே எரிகின்ற தெருவிளக்கின்கீழ் ஒரு கேடும் நிகழாத இரவுக்குச் சாட்சி இல்லை. வரவேற்பு வளைவுக்கோ திறப்பு விழாவுக்கோ செலவிட்டால் நிழற்படமேனும் எஞ்சும். ஆதலின் விளக்கு வெட்டுப்படுகின்றது, வளைவு தப்பிவிடுகின்றது.

சபைகளை மட்டும் குறை கூறுதல் முறையன்று. 2022ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் இந்நாட்டுத் திறைசேரி வெறுமையாயிற்று. எரிபொருள் வாங்க வெளிநாட்டுப் பணம் இல்லை. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அப்போது மின்சாரத்தைச் சேமிக்க நாடெங்கும் தெருவிளக்குகளை அணைக்குமாறு அதிகாரிகளுக்குப் பணித்துள்ளதாக மின்சக்தி அமைச்சரே அறிவித்தார். மறு மாதம் வெளிநாட்டுக் கடனை இறுக்க இயலாது என்று அரசாங்கம் கூறிவிட்டது. ஒரு நாடு தன் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமையை உலகுக்கு அறிவிக்குமுன் தன் குடிகளுக்கு அறிவித்த முறை தெருவிளக்கை அணைத்தலாக இருந்தது. பெருங்கடன் எங்கோ பட்டது. இருள் நம் வாயிலிலே வந்து நின்றது.

இனி என் அனுபவம் ஒன்றைக் கூறுதும். அது நிகழ்ந்தது வடமராட்சியில். ஊரின் பெயரும் சபையின் பெயரும் வேண்டா. மார்கழி மாதம். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்த மாணவர் சிலர் மாலையில் என் வீட்டு விறாந்தைக்கு வந்து இலக்கணம் படித்தனர். ஒருநாள் புணரியலிலே பாடம் நீண்டுவிட்டது. மணி ஏழரை. அவர்களுள் ஒருவன் துவிச்சக்கர வண்டியிலே புறப்பட்டான். எங்கள் ஒழுங்கை பெருந்தெருவோடு சேரும் முடக்கிலே ஒரு மின்கம்பம் உண்டு. அதன் விளக்கு எரியாமல் இரண்டு மாதம் ஆகியிருந்தது. முடக்கிலே கருமாடு ஒன்று படுத்திருந்தது. பையன் கண்டிலன். மாட்டிலே மோதி, மூடியிழந்த வாய்க்காலுக்குள் விழுந்தான். வலக்கை முறிந்தது. அவ்வாண்டுப் பரீட்சையை அவன் எழுதவில்லை.

அவனைப் பார்க்கப் போனபோது அவன் தாய் என்னை வைதாள் அல்லள். "பண்டிதர் ஐயா, பாடம் நல்லாய்த்தான் சொல்லிக் குடுத்தனீங்கள். கொஞ்சம் வெளிச்சத்தோடை அனுப்பியிருந்தால் பிள்ளை வந்து சேர்ந்திருப்பான்" என்று மட்டும் கூறினாள். வைதிருந்தால் ஆறியிருப்பேன்.

மறுநாட்காலை சினம் பொங்கச் சபை அலுவலகத்துக்குச் சென்றேன். இரண்டு பக்கத்தில் முறைப்பாடு எழுதிக் கொண்டுபோனேன். அதன் நடை எனக்கே பிடித்திருந்தது. வரிப்பகுதியிலே இருந்த லிகிதர் என்னிடம் படித்த பிள்ளை. எழுந்து நின்று வணங்கினாள், முறைப்பாட்டை வாங்கிக்கொண்டாள். பின் என் வளவின் இலக்கத்தைக் கேட்டுப் பேரேட்டைப் புரட்டினாள். முகம் சிவந்தது. "ஐயா, குறை நினைக்கப்படாது. உங்கடை வளவுக்கு மூன்று வருசச் சோலைவரி நிலுவையிலை கிடக்குது" என்றாள்.

நான் மறந்திருந்தேன் என்று சொல்லலாம். அது முழு உண்மையன்று. அறிவித்தல் வந்தபோதெல்லாம் 'பிறகு பார்ப்போம்' என்று நிகண்டுக்குள் அடையாளமாகச் செருகி வைத்தேன். தொகை பெரிதன்று, இரண்டு மின்குமிழ் வாங்கப் போதியது. அவ்வொழுங்கையில் என்னைப்போல் 'பிறகு பார்ப்போம்' என்றவர் எத்தனைபேர் என்று கேட்டேன். அவள் சொல்லவில்லை, பேரேட்டை மெல்ல மூடினாள். அன்றே நிலுவையைக் கட்டிப் பற்றுச்சீட்டுப் பெற்றேன். முறைப்பாட்டையும் திரும்பப் பெறவில்லை. சபை விளக்கைப் போடாதது குற்றமே. யான் வரி இறுக்காததும் குற்றமே. ஒன்று மற்றொன்றைக் கழுவிவிடாது.

இஃது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் அன்று. அமெரிக்காவிலே மோட்டார் வண்டித் தொழிலாற் செழித்த டெட்ரொயிட் நகரம் 1950ஆம் ஆண்டில் பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட குடிகளைக் கொண்டிருந்தது. 2010இல் அவர் தொகை ஏழு இலட்சமளவாகச் சுருங்கிற்று. வீடுகள் பூட்டிக் கிடந்தன. 2011ஆம் ஆண்டுச் சொத்து வரியை ஏறக்குறையப் பாதி உடைமைகளின் சொந்தக்காரர் இறுக்கவில்லை. ஆண்டுதோறும் துண்டு விழுந்த தொகையைக் கடன் வாங்கி ஒட்டுப்போட்டனர். 2013ஆம் ஆண்டு யூலை 18ஆம் நாள் ஏறத்தாழ 1,800 கோடி டொலர் கடனோடு அந்நகரம் நீதிமன்றத்திலே முறிவு அறிவித்தது. அப்போது அதன் தெருவிளக்குகளில் நூற்றுக்கு நாற்பது எரியவில்லை. ஆபத்தென்று அழைத்தால் பொலிஸ் வந்துசேரச் சராசரி ஐம்பத்தெட்டு நிமிடம் சென்றது. வரி இறுக்காதோர் 'விளக்கு எரியாத ஊருக்கு வரி எதற்கு?' என்றனர். நகரமோ 'வரி வாராத ஊரில் விளக்கு எவ்வாறு எரியும்?' என்றது. இருவரும் உண்மையே கூறினர், இருள் வளர்ந்தது. முறிவின் பின் அந்நகரம் முந்திச் செய்தவற்றுள் ஒன்று, விளக்குக்கெனத் தனி அதிகார சபையைக் கொண்டு 65,000 விளக்குகளைப் புதிதாக நாட்டியது. 2016ஆம் ஆண்டு முடிவிலே அவ்வேலை நிறைவெய்திற்று.

இதற்கு மறுதலையான உதாரணமும் உண்டு. கலிபோர்ணியாவிலுள்ள வலேகோ என்னும் நகரம் 2008ஆம் ஆண்டிலே முறிந்தது. அங்கே பொது நிதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பொலிசுக்கும் தீயணைப்புப் படைக்கும் சென்றுகொண்டிருந்தது. வரவு வீழ்ந்தபோது வேறு வெட்ட இடமில்லை. முறிவின் பின் அக்காவலரையே குறைக்க நேர்ந்தது. காவலுக்குக் கொடாமையும் கேடு. காவலுக்கே எல்லாவற்றையும் கொடுத்தலும் கேடு என்பது இவ்விரு நகரங்களாலும் விளங்கும்.

இங்கே நம்மவர் ஒரு தடை எழுப்புவர். "இந்நாட்டின் 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே பாதுகாப்புக்கும் பொலிசுக்குமாக ஐம்பதினாயிரம் கோடி ரூபாவுக்கு மேல் ஒதுக்கினார்கள். எங்கள் ஒழுங்கைக்கு ஒரு விளக்கு இல்லை. போர் முடிந்தது 2009இல். இத்தனை கோடியும் யாரைக் காக்க?" என்று கேட்பர். நியாயமான கேள்வி. நம் மக்களுக்குப் பாதுகாப்பு என்ற சொல்லே அச்சந்தந்த காலம் இருந்தது. 1981ஆம் ஆண்டு வைகாசி இறுதியில், தேர்தற் பாதுகாப்புக்கென்று பொலிசார் பெருந்தொகையாக யாழ்ப்பாணத்திலே நிறுத்தப்பட்டிருந்த வேளையிலேதான் மாநகரசபையின் உடைமையாகிய பொதுநூலகம் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களோடு எரிக்கப்பட்டது. காவலுக்கென்று செலவிடும் பணம் யாவும் காவலாகிவிடாது என்பதை நாம் நூலிற் படித்தறிந்தோம் அல்லேம். நூல்களை இழந்தே அறிந்தோம்.

சபைகள் தாமாகக் காவலுக்கு ஒரு சிறு முயற்சி செய்யினும் தடை வருதல் உண்டு. 2021ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் யாழ்ப்பாண மாநகரசபை, குப்பை கொட்டுதல் முதலியவற்றைத் தடுக்க ஐவர் கொண்ட ஒரு குழுவை நியமித்தது. அவர்தம் சீருடை விடுதலைப் புலிகளின் காவற்றுறைச் சீருடையை ஒத்ததென்று கூறி மாநகர முதல்வர் வி. மணிவண்ணனைப் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவினர் 9ஆம் நாள் கைதுசெய்தனர். அன்றே அவர் பிணையில் விடப்பட்டார். தெருவைச் சுத்தமாக வைத்தலும் இந்நாட்டிலே எத்துணை அரிய தொழில் என்பதற்கு அது சான்று.

இத்தடைகள் யாவும் உண்மை. ஆயினும் இவற்றால் நம் ஒழுங்கை விளக்கு எரியப் போவதில்லை. பெரிய அரசு தன் கடமையைச் செய்யாமை, நம் கையிலுள்ள சிறிய கடமையை நாம் விடுதற்குக் காரணம் ஆகாது. உண்மையில், நம் கையில் முழுமையாக உள்ள காவல் இவ்வொன்றே. இதையும் விட்டுவிட்டு எதனைக் கேட்டுப் பெறப்போகின்றோம்?

ஆகவே துண்டு விழும் தொகையை நிரப்பும் வழி யாது? முதலாவது, நிலுவை. சபையின் சொந்த வரவு சோலைவரி, சந்தைக் குத்தகை, கடை வாடகை, அனுமதிக் கட்டணம் என்பன. முத்திரைத் தீர்வையிலும் நீதிமன்றத் தண்டப்பணத்திலும் பங்கு மாகாண சபை வழியே வரும். இவற்றுள் சபை தன் முயற்சியாற் பெருக்கக்கூடியது சோலைவரியே. வடமராட்சியிலே பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. உடையார் கனடாவிலும் இலண்டனிலும் உளர். கோயில் தேருக்கு ஆயிரமாயிரமாக அனுப்புவோர் சோலைவரியை மறுப்போர் அல்லர். கேட்பார் இன்மையால் மறந்தோர். அவர்க்கு ஒரு மடலெழுதச் செலவு மிகுதியாகாது. உள்ளூரிலே கூலிவேலை செய்வோர்க்கும் கைம்பெண்களுக்கும் நிலுவையைத் தவணையாகக் கட்ட வழி செய்தல் வேண்டும். வள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்திலே, குடிகளை வருத்திப் பொருள் கேட்கும் அரசனை வேலேந்தி வழிமறிக்கும் கள்வனுக்கு ஒப்பிட்டதை வரிப்பகுதியார் மறவாதிருப்பாராக.

இரண்டாவது, கடன். கட்டி முடித்தபின் வாடகை தந்து தன் கடனைத் தானே தீர்க்கும் சந்தைக் கட்டடத்துக்குக் கடன் வாங்கலாம். ஆண்டுதோறும் எரிந்துபோகும் மின்குமிழுக்குக் கடன் வாங்கலாகாது. குமிழ் எரிந்த பின்னும் வட்டி எரிந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது, ஒழுங்கு. விளக்கு, வாய்க்கால், கட்டாக்காலி, தீத்தடுப்பு என்னும் நான்கையும் ஒரு தலைப்பிலே சேர்த்து, சோலைவரியாக வரும் பணத்தின் முதற்பங்கு இவற்றுக்கே என்று சபை தீர்மானித்தல் வேண்டும். விழா, வளைவு, பயணம் என்பன எஞ்சியதிலிருந்து வருக. மாதந்தோறும் எத்தனை விளக்கு எரியவில்லை, எத்தனை நாளிலே திருத்தப்பட்டது என்று சபை வாயிலிலே ஒரு பலகையில் எழுதுக. வரியிறுப்போன் தன் பணம் எரிவதைக் கண்ணாற் கண்டால் அடுத்த முறை அறிவித்தலை நிகண்டுக்குள் வைக்கமாட்டான்.

நான்காவது, உறுப்பினர்க்கு ஒரு சொல். 2020ஆம் ஆண்டு மார்கழியில் யாழ்ப்பாண மாநகரசபையின் வரவு செலவுத் திட்டம் இரண்டு முறை தோற்கடிக்கப்பட்டது. அதனால் முதல்வர் இ. ஆனல்ட் பதவி இழந்தார்; ஆண்டு முடியுமுன் 21க்கு 20 என்னும் வாக்குகளால் புதியவர் தெரிவானார். திட்டத்தை எதிர்த்தல் உறுப்பினர் உரிமை. ஆயினும் முதல்வரை இறக்குதற்கு வரவு செலவுத் திட்டம் ஏணியாயின், அதனுள் எழுதிய விளக்கையும் வாய்க்காலையும் படிப்பவர் யார்? 2023ஆம் ஆண்டு பங்குனியிற் சபைகள் கலைந்தன. திறைசேரியிற் பணம் இல்லை என்று தேர்தலும் தள்ளிப்போயிற்று. 2025ஆம் ஆண்டு வைகாசி 6ஆம் நாள் தேர்தல் நிகழும்வரை ஈராண்டுக்கு மேலாக நம் சபைகளிலே மக்கள் குரல் இல்லை. இத்துணை நாள் காத்திருந்து பெற்ற இருக்கையிலே அமர்ந்தோர் கட்சிக்கு ஒரு நாளும் கணக்குக்கு ஒரு நாளும் ஒதுக்குவாராக.

பருத்தித்துறைக்குத் தும்பளை வீதியால் வருவோர் தெருமூடி மடத்தைக் காண்பர். வீதியின் இருபுறமும் திண்ணை. மேலே வீதியையே மூடிய கூரை. சுமையோடு வந்தவன் வெயிலுக்கும் மழைக்கும் இருட்டுக்கும் அஞ்சாது அங்கே தங்கினான். வழிப்போக்கனைக் காத்தல் ஊரின் கடன் என்று நம் முன்னோர் எண்ணினர். அதற்குக் கல்லும் மரமும் பணமும் கொடுத்தவர் பயனை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். அதன்கீழ் ஒதுங்கி நனையாமற் போனவரை யார் எண்ணினர்?

கை முறிந்த பையன் மறு ஆண்டு பரீட்சை எழுதிச் சித்தியெய்தினான். எங்கள் முடக்கிலும் விளக்கு எரிகின்றது. யான் தைமாதத்திலேயே சோலைவரியைக் கட்டிவிடுகின்றேன். பற்றுச்சீட்டை நிகண்டுக்குள் வைத்திருக்கின்றேன். மாலைப் பாடம் ஆறரை மணிக்கு முடிந்துவிடும்.